காலேஜுக்குப் போகிற பெண் கேட்பது புடவை மட்டும்தானா?

எங்கள் தெருவுக்கு 15 வருஷமாகப் பூ கொண்டு வருகிறவள் அவள். விடிகாலை நாலு மணிக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் உதிரி வாங்கி, கட்டி முடித்து, ஏழரைக்கெல்லாம் தெருமுனையில் குரல் கொடுத்துவிடுவாள். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நான் பேப்பரைப் படித்துக் காட்டினேன். "அதுக்காக முழத்துக்கு ரெண்டு ரூபா கூடக் குடுப்பீகளாக்கா?" என்று கேட்டுச் சிரித்தவள்.

ஒருநாள் கூடையை இறக்காமலே வாசலில் நின்றாள்.

"அக்கா, கொஞ்சம் உள்ளே வரட்டுமா?"

முகமே சரியில்லை. மடியிலிருந்து செல்போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். கை நடுங்கியது.

"எவனோ பேசுறான்க்கா. வாயில வரக்கூடாத பேச்செல்லாம் பேசுறான். பணத்தைக் கட்டலேன்னா பாப்பா போட்டோவை ஒரு மாதிரியா மாத்தி எல்லாருக்கும் அனுப்பிருவேங்கிறான். நான் யாருகிட்டயும் கடன் வாங்கலைக்கா, சத்தியமா!"

வாங்கியவள் மகள். பி.காம். இரண்டாம் வருஷம். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். செல்போனில் ஏதோ ஒரு செயலி மூலம் ரூ.4,000 கடன் கேட்டிருக்கிறாள். அது இது என்று பிடித்துக்கொண்டு கையில் வந்தது ரூ.2,600. ஏழாவது நாள் முழு 4,000-ஐயும் கட்டு என்றார்கள். அதைக் கட்ட இன்னொரு செயலி, அதற்கு மற்றொன்று. இரண்டு மாதத்தில் ரூ.19,000 பாக்கி என்று வந்து நின்றது. மகளின் போனில் இருந்த அத்தனை நம்பரும் அவர்கள் கையில். அம்மாவின் நம்பர்தான் முதல்.

பணம் எதற்கு என்று கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. ஒரு புடவை, ஒரு டிரீட், இரண்டு நாள் டூர். அவ்வளவுதான். "எதுக்குடி உனக்கு இந்த ஆடம்பரம்?" என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. நல்லவேளை, கேட்கவில்லை. அன்று மாலை அவளை வரச் சொல்லி, காபி போட்டுக் கொடுத்து, பேசவிட்டேன். அவள் சொன்னதைக் கேட்ட பிறகு ஆடம்பரம் என்ற சொல்லையே நான் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பயன்படுத்துகிறேன்.

சின்ன வயதில் என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்ட பெண், காலேஜில் சேர்ந்ததிலிருந்து 'ஆன்ட்டி' என்கிறாள். அதுவும் இந்தக் கதையில் ஒரு பகுதி என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

நாலாவது தடவை என்ன வியாதி சொல்வது?

"எத்னிக் டேக்கு கிளாஸ்ல எல்லாரும் மெரூன் கலர் புடவைன்னு முடிவு பண்ணாங்க ஆன்ட்டி. புடவை எண்ணூத்தம்பது. மொத்தமா ஆர்டர் போட்டாங்க. பிளவுஸ் தையக்கூலி தனி. வளையல், கம்மல் தனி. போன வருஷம் இந்த மாதிரி வந்தப்ப மூணு தடவை உடம்பு சரியில்லேன்னு லீவு போட்டுட்டேன். நாலாவது தடவையும் அதையே சொன்னா, உனக்கு என்னடி வியாதின்னு கேப்பாங்க."

எத்னிக் டே என்பது பாரம்பரிய உடையில் போகும் நாளாம். எல்லாரும் ஒரே நிறத்தில் கட்டினால் 'கோடு'. காலேஜ் டேக்கு ஒரு கோடு, பொங்கலுக்கு ஒரு கோடு, சீனியர்களுக்கு வழியனுப்பு விழா என்றால் அதற்கு ஒன்று. யோசித்துப் பார்த்தால், எல்லாரும் ஒரே மாதிரி உடுத்தினால் இல்லாதவள், இருப்பவள் என்ற வித்தியாசம் தெரியாது என்று யாரோ நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பித்திருப்பார்கள். நடப்பது வேறு. அறுபது பேர் நிற்கும் படத்தில் வித்தியாசம் தெரியாதுதான். ஆனால் படத்தில் இல்லாத நாலு பேர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். படம் அன்று ராத்திரியே எல்லார் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் ஏறிவிடும். (ஸ்டேட்டஸ் என்று அதற்குப் பெயர் வைத்தவன் தெரிந்தேதான் வைத்தானோ!)

டிரீட் சமாசாரம் இன்னும் சங்கடம். பிறந்த நாள் வந்தால் நண்பர்களை ஓட்டலுக்கு அழைத்துப் போக வேண்டும். இவள் மற்றவர்கள் டிரீட்டுக்கு ஆறு தடவை போயிருக்கிறாள். ஏழாவது தடவை இவள் பிறந்த நாள். "ஆறு தடவை சாப்பிட்டுட்டு ஒரு தடவை குடுக்கலேன்னா, அதுக்குப் பேர் என்ன ஆன்ட்டி?" என்று கேட்டாள். கல்யாண வீட்டில் மொய் எழுதிய நோட்டை நாம் பத்திரமாக வைத்திருக்கிறோமே, அதேதான்! நமக்கு மட்டும் அது மரியாதை, பிள்ளைகளுக்கு அது ஆடம்பரமா?

மூன்றாவது, இன்டஸ்ட்ரியல் விசிட். தொழிற்சாலையைப் பார்ப்பது அரை நாள், ஊர் சுற்றுவது ஒன்றரை நாள். போகாவிட்டாலும் பாஸ் பண்ணலாம். ஆனால் அதற்குப் பிறகு ஒரு மாதம் வகுப்பில் நடக்கும் பேச்சு, கேலி, பாட்டு எல்லாம் அந்த பஸ்ஸில் நடந்ததைப் பற்றித்தான் இருக்கும். பஸ்ஸில் இல்லாதவளுக்குச் சிரிக்க விஷயம் இருக்காது.

யூனிபார்ம் கழன்றதும்...

பள்ளிக்கூடம் வரை இந்தப் பெண்ணுக்கு இப்படி ஒரு தொல்லை இல்லை. அரசுப் பள்ளியில் யூனிபார்மும் இலவசம். எல்லார் பாவாடையும் ஒரே நிறம், எல்லார் பின்னலும் ரெட்டைப் பின்னல். அந்த யூனிபார்ம் ஒரு திரை மாதிரி. அப்பா ஆட்டோ ஓட்டுகிறாரா, ஆபீசரா என்பது திரைக்குப் பின்னால் இருந்துவிடும். தவிர, ஒரே பேட்டைப் பிள்ளைகள்தான் ஒரே பள்ளியில் படிப்பார்கள். வித்தியாசம் இருந்தாலும் ஒரு முழத்துக்குள் அடங்கிவிடும்.

கல்லூரியில் முதல் நாளே திரை விலகிவிடுகிறது. செருப்பு பேசுகிறது, பை பேசுகிறது, தண்ணீர் பாட்டில்கூடப் பேசுகிறது. அதுவும் நம் மாநிலத்தில் பாருங்கள், 2021-22 கணக்கெடுப்பில் கல்லூரி வயதுப் பிள்ளைகளுக்கு மாணவர் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். அகில இந்தியாவுக்கு அது 28.4 தான். பெருமைப்பட வேண்டிய விஷயம், சந்தேகமில்லை. 2010-ல் வந்த முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை, 2022 செப்டம்பரில் ஆரம்பித்த புதுமைப் பெண் திட்டம் எல்லாம் சேர்ந்து, முன்பு கல்லூரியைப் பற்றி நினைத்தே பார்க்காத வீடுகளிலிருந்து பெண்களை அழைத்து வந்திருக்கின்றன. முன்பு தாலிக்குத் தங்கம் கொடுத்த அதே மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில்தான் மாதம் ரூ.1,000 படிப்புக்கு என்று மாற்றினார்கள். நம் பூக்காரம்மா மகளுக்கும் அது வந்தது. பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் அது சரியாகப் போய்விடும்.

ஆக, பூக்காரம்மா மகளும் டாக்டர் மகளும் இன்று ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். நாம் ஆசைப்பட்டதும் அதுதானே! ஆனால் கட்டணத்தில் சலுகை கொடுத்த சர்க்கார், டிரீட்டுக்கும் மெரூன் புடவைக்கும் சலுகை கொடுக்க முடியாது. வகுப்பறைக்குள் நுழைய ஆகும் செலவு குறைந்திருக்கிறது. உள்ளே போய் ஒட்டிக்கொள்ள ஆகும் செலவு ஏறிக்கொண்டே போகிறது.

உடையைக் கட்டுப்படுத்திப் பார்த்தவர்களும் உண்டு. 2005-ல் அண்ணா பல்கலைக்கழகம் பொறியியல் கல்லூரிகளில் ஜீன்ஸ், டி-சர்ட் கூடாது என்று சொல்லிப் பெரிய விவாதமே நடந்தது. வித்தியாசம் ஜீன்ஸிலிருந்து செருப்புக்குப் போகும், செருப்பிலிருந்து போனுக்குப் போகும். அதை எந்த சர்க்குலர் போட்டுத் தடுப்பது?

2011-ல் இலவச மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்த புதிதில் என் உறவுக்காரப் பையன் ஒருவனுக்கும் கிடைத்தது. மூடியில் இருந்த அரசாங்க முத்திரை மேல் ஒரு கிரிக்கெட் வீரர் படத்தைக் கச்சிதமாக ஒட்டி வைத்திருந்தான். "நன்றி கெட்ட பயல்" என்று அவன் தாத்தா திட்டினார். நன்றி இல்லாமல் இல்லை. அந்தப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் தன் வீட்டு வருமானமும் சேர்ந்து தெரிய வேண்டாம் என்று நினைத்தான், அவ்வளவுதான்.

'ஸ்டைல்' வேறு, 'ஓவர்' வேறு

அமெரிக்காவிலிருந்து வந்த கான்ஸ்டன்டின் நகாசிஸ் என்ற ஆராய்ச்சியாளர், தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்களோடு வெகுநாள் பழகி, 2016-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். நம் பிள்ளைகள் வாயில் ஓயாமல் வரும் 'ஸ்டைல்' என்ற சொல்தான் அவருக்கு ஆராய்ச்சிப் பொருள். வெளிநாட்டுப் பெயர் அச்சடித்த சட்டைகளை ஆசையாகப் போடுகிற பையன்களில் பலருக்கு அந்தப் பெயர் எந்தக் கம்பெனி, சரக்கு அசலா போலியா என்பதில் அக்கறையே இல்லை என்று அவர் கண்டார். பார்வைக்கு எடுப்பாக இருந்தால் போதும். ஆனால் அந்த எடுப்பும் ஓர் அளவுக்குள்தான். எல்லை தாண்டினால் கூட்டாளிகளே "ரொம்ப ஓவரா சீன் போடுறான்" என்று இழுத்துக் கீழே உட்கார வைத்துவிடுவார்கள்.

இதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. நாம் நினைக்கிற மாதிரி எல்லாப் பிள்ளைகளும் உசத்தியாகத் தெரிய வேண்டும் என்று அலையவில்லை. ரொம்பக் கீழேயும் தெரியக்கூடாது, ரொம்ப மேலேயும் தெரியக்கூடாது. நடுவில், பத்தோடு பதினொன்றாக, ஆனாலும் தான் தானாக இருக்க வேண்டும். கயிற்றின் மேல் நடக்கிற வித்தை இது!

பெண்களுக்குக் கயிறு இன்னும் மெல்லிசு. பையன் கொஞ்சம் ஓவராகப் போனால் 'பந்தா' என்ற கேலியோடு போகும். பெண் கொஞ்சம் கூடுதலாக அலங்கரித்துக்கொண்டால் அவள் குணத்தைப் பற்றியே பேச்சு வரும். குறைவாக இருந்தாலோ 'பட்டிக்காடு'. நம் பூக்காரம்மா மகள் தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று போடுகிற கணக்கு, அவள் பி.காம். பாடத்தில் இருக்கிற கணக்கைவிடக் கஷ்டமானது.

திருப்பூர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். வெளிநாட்டுப் பெயர் போட்ட அந்த பனியன்களைத் தைப்பதே நம் ஊர்ப் பெண்கள்தான். அம்மா நாள் முழுக்கத் தையல் மெஷினில் உட்கார்ந்து தைத்த சட்டை கப்பலேறிப் போகிறது. மிஞ்சியதும் கழித்ததும் ரோட்டோரக் கடையில் மலிவாக வருகிறது. அதை மகன் வாங்கிப் போட்டுக்கொண்டு காலேஜுக்குப் போகிறான். அம்மா தைத்தது என்று மட்டும் சொல்ல மாட்டான்.

கிழிசல் போடக் கொடுத்து வைத்தவர்கள்

ஒரு வேடிக்கை சொல்கிறேன். இந்தப் பெண்ணின் வகுப்பில் பெரிய வீட்டுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். முட்டியில் கிழிந்த ஜீன்ஸ், கசங்கிய சட்டை, எண்ணெய் காணாத தலை. யாரும் அவளை ஏழை என்று நினைப்பதில்லை. நம் பெண்ணோ ராத்திரி சுடிதாரை மடித்துத் தலையணைக்கடியில் வைத்து மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு போகிறவள். கிழிசல் அவளுக்குக் கட்டுப்படியாகாது. கிழிந்த துணி போட்டால் அது பேஷன் என்று யார் நம்புவார்கள்?

தோர்ஸ்டைன் வெப்லன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1899-லேயே எழுதினார்: பணக்காரர்கள் பல பொருள்களை வாங்குவது உபயோகத்துக்கு அல்ல, பிறர் கண்ணில் படுவதற்கு என்று. அது பழைய கதை. இன்றைக்கு யார் வேண்டுமானாலும் தவணையில் போன் வாங்கிவிடலாம். அப்போது இருப்பவர்கள் வேறு எதில் வேறுபட்டுத் தெரிவது? ரசனையில், பேச்சில், அலட்சியத்தில். இதை விரிவாக எழுதியவர் பிரான்ஸ் நாட்டு சமூகவியல் அறிஞர் பியர் பூர்தியு. 1979-ல் அவர் புத்தகம் வந்தது. எந்தப் பாட்டு பிடிக்கும், என்ன சாப்பாடு பிடிக்கும் என்று நாம் சொந்த ருசி மாதிரிச் சொல்வதில் எல்லாம், வளர்ந்த வீட்டின் அந்தஸ்து ஒளிந்திருக்கிறது என்றார். அவரே சின்ன கிராமத்துப் பிள்ளை. அப்பாவுக்குத் தபால் இலாகாவில் சிறிய உத்தியோகம். விடுதியில் தங்கிப் படித்து, பாரிஸின் மிக உயர்ந்த கல்லூரிக்குப் போனவர். புத்தகத்தைப் பார்த்து மட்டும் எழுதியிருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றும்.

நம் ஊரில் அந்த ரசனைக்கெல்லாம் மேலே ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இங்கிலீஷ்! புடவையைக் கடனுக்கு வாங்கலாம். இங்கிலீஷை எந்தச் செயலியில் வாங்குவது? "நான் கிளாஸ்ல பேசவே மாட்டேன் ஆன்ட்டி. டிரெஸ் நல்லா இருந்தா பேசாம இருந்தாலும் யாரும் கவனிக்க மாட்டாங்க" என்றாள். அந்த மெரூன் புடவைக்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

'ஆன்ட்டி' எங்கிருந்து வந்தது என்றும் அப்போதுதான் புரிந்தது.

டிபன் காசு

செயலிக் கடனுக்கு முன்னால் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று விசாரித்தேன். அம்மா காலையில் கேன்டீனுக்கு என்று கொடுக்கிற 40 ரூபாயைச் சாப்பிடாமல் சேர்த்திருக்கிறாள். அம்மாதான் மூன்றரைக்கே மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுகிறாளே, வீட்டில் அடுப்பு மூட்ட யார்? காலையில் வெறும் டீ. மத்தியானம் ஏதோ கொஞ்சம். மூன்றாவது பீரியடில் தலை சுற்றல், மாதவிலக்கு நாட்களில் எழுந்திருக்கவே முடியாத அசதி. "உடம்பு சரியில்லை" என்று அவள் போட்ட லீவில் பாதி நிஜம்தான்!

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்தது. அதில் நம் வீட்டுப் பிள்ளை இருக்காது என்று யாரும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். ஹாஸ்டலில் இருக்கும் பெண் என்றால் லீவுக்கு வரும்போது நகக்கண்ணையும் கண்ணின் கீழ் இமையையும் பாருங்கள். வெளுத்திருந்தால் டாக்டரிடம் அழைத்துப் போய் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. காசு எங்கே போகிறது என்பதை அப்புறம் மெதுவாகக் கேட்டுக்கொள்ளலாம். முருங்கைக்கீரையும் கடலை உருண்டையும் கொடுத்தனுப்புகிறோம், சரி. பசி எதனால் என்று தெரியாமல் கீரையை மட்டும் கொடுத்து என்ன பிரயோஜனம்?

பையன்கள் விஷயத்தில் இந்த இடத்தில் வருவது பைக். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தனிக் கட்டுரை வேண்டும். ஒன்று மட்டும். தவணையில் வாங்கித் தருகிறவர்கள், 'வட்டி 15 சதவீதம்தான்' என்றால் எந்த வகை வட்டி என்று கேளுங்கள். ரூ.30,000-க்கு ஒரு வருஷத்துக்கு 15 சதவீதம் முழுத் தொகைக்கும் போட்டு, மாதம் ரூ.2,875 வாங்கினால், அசல் குறையக் குறைய வட்டி குறைகிற கணக்கில் அது 26 சதவீதத்துக்கு மேல் போகிறது. இந்தக் கணக்கைப் பிள்ளையையே போடச் சொல்லுங்கள். காமர்ஸ் படிக்கிற பிள்ளை ஆயிற்றே!

டிரீட் கொடுக்கிற வீட்டு அம்மாவுக்கு

இதுவரை பூக்காரம்மா பக்கத்திலிருந்து எழுதினேன். ஆனால் இந்தப் பத்திரிகையைப் படிக்கிற நம்மில் பலர், டிரீட் கொடுக்கிற பெண்ணின் அம்மாக்கள். என்னையும் சேர்த்துத்தான். என் மகள் காலேஜில் படித்தபோது பிறந்த நாளுக்குப் பன்னிரண்டு பேரைப் பெரிய ஓட்டலுக்கு அழைத்துப் போகக் காசு கொடுத்து, தாராள மனசு என்று பெருமைப்பட்டவள் நான். அந்தப் பன்னிரண்டு பேரில் திருப்பிச் செய்ய வேண்டுமே என்று கவலைப்பட்டுச் சாப்பிட்டவள் எத்தனை பேர் என்று இன்றைக்குத்தான் யோசிக்கிறேன்.

உங்கள் பெண் வகுப்புப் பிரதிநிதியாகவோ, 'கோடு' முடிவு செய்கிற கூட்டத்திலோ இருந்தால், ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். புதுப் புடவை வேண்டாம், அவரவர் வீட்டில் இருக்கிற பச்சையோ மஞ்சளோ எதுவாக இருந்தாலும் சரி என்று வைத்தால் என்ன குறைந்துவிடும்? அம்மா புடவை, பாட்டி புடவை என்று கட்டிக்கொண்டு வந்தால் படமும் அழகாகத்தான் வரும். பிறந்த நாளுக்கு வீட்டுக்கே அழைத்து வெண்பொங்கலும் கேசரியும் போடுங்களேன். கேசரியைத் திருப்பிச் செய்ய யாரும் கடன் வாங்க வேண்டியதில்லை.

பணம் இல்லாத வீட்டிலோ வேறு ஒரு தவறு நடக்கிறது. பிள்ளைக்குக் கஷ்டம் தெரியக்கூடாது என்று கணக்கையே மறைத்துவிடுகிறோம். நம் பூக்காரம்மாவும் அதைத்தான் செய்தாள். மகள் போன் கேட்டு அழுதபோது தோட்டை அடகு வைத்து வாங்கிக் கொடுத்தாள். காதில் கவரிங் மாட்டிக்கொண்டு, "சீட்டு விழுந்துச்சுடி" என்றாள். மகள் நம்பிவிட்டாள். சீட்டு விழுகிற வீடுதானே, 4,000 கடனை எப்படியும் அடைத்துவிடலாம் என்று துணிந்ததே அதனால்தான்! இது இருவருக்கும் தெரிந்தது என் வீட்டுக் கூடத்தில். மகள் அம்மாவின் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள்.

மிரட்டல் வந்தால்

கடன் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முதலில் நாங்கள் செய்தது, பயந்துகொண்டு பணம் அனுப்பாமல் இருந்தது. அனுப்ப அனுப்பக் கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். வந்த மிரட்டல்களை அழிக்காமல் படம் பிடித்து வைத்தோம். சைபர் குற்றங்களுக்கான 1930 என்ற நம்பருக்குப் போன் செய்து, போலீஸிலும் புகார் கொடுத்தோம். அன்றே அவள் தன் நெருங்கிய தோழிகளிடமும் ஒரு பேராசிரியையிடமும், "இப்படி ஏதாவது படம் வந்தால் நம்பாதீர்கள்" என்று தானே சொல்லிவிட்டாள். அவள் செய்ததிலேயே தைரியமான காரியம் அதுதான். எல்லாருக்கும் தெரிந்துவிட்ட பிறகு மிரட்டுகிறவனுக்கு வேலை என்ன? சில வாரங்களில் போன்கள் ஓய்ந்தன.

நீங்களும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கடன் கொடுக்கிற செயலிகள் வாடிக்கையாளரின் போனில் உள்ள நம்பர்களையும் படங்களையும் எடுக்கக் கூடாது என்று 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதித்தது. மொத்தச் செலவு எவ்வளவு என்று கடன் கொடுக்குமுன்பே எழுத்தில் காட்ட வேண்டும் என்றும் சொன்னது. உங்கள் நம்பர்களைப் பார்க்க அனுமதி கேட்கிற செயலி என்றால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். மிரட்டலால் பிள்ளை மனமொடிந்து போயிருந்தால் 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது, ராத்திரி பகல் எந்நேரமும். இதெல்லாம் பிள்ளை வந்து சொன்னால்தான் நமக்குத் தெரியும். "எதுக்குடி உனக்கு ஆடம்பரம்" என்று ஒரு தடவை கேட்டுவிட்டால், அடுத்த தடவை வந்து சொல்ல மாட்டாள்.

பேச்சோடு பேச்சாக அவளைக் கேட்டேன். "கிளாஸ்ல உங்க அம்மா என்ன பண்றாங்கன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

தலையைக் குனிந்துகொண்டாள். "பிசினஸ்னு சொல்லுவேன் ஆன்ட்டி."

பூக்காரம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "நெசந்தானேக்கா! காலைல நாலு மணிக்கு முதல் போட்டு வாங்குறேன், பத்து மணிக்குள்ள வித்துட்டு வாரேன். பிசினஸ் இல்லாம வேற என்னவாம்?"

மகளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

போன தை மாசம் காலேஜ் பொங்கல் விழா. மறுபடி புடவை, மறுபடி கோடு. இந்தத் தடவை அவளுக்கு என் பீரோவிலிருந்து ஒரு மஞ்சள் புடவை போயிற்று. விழாவுக்கு நாலு நாள் முன்னால் பூக்காரம்மா கூடையோடு வந்து நின்றாள். முகத்தில் ஒரு தினுசான குழப்பம்.

"அக்கா, பாப்பா கிளாசுக்கு அறுபது முழம் மல்லி வேணுமாம். அவளே சொல்லிட்டு வந்துட்டா, எங்க அம்மாகிட்டயே வாங்கிக்கலாம்னு. தை மாசத்துல பூ என்ன வெலை விக்குதுன்னு உங்களுக்குத்தான் தெரியுமே. பிள்ளைககிட்ட எப்படிக்கா அந்த வெலையச் சொல்றது? கொறைச்சுச் சொன்னா எனக்குக் கட்டாது. கூடச் சொன்னா அவளுக்கு மானம் போயிரும்."

இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தோம்.